கேட்டால் கொடுக்க வேண்டிய கார்

1

பந்தயத்தில் கார் ஓட்டுகிற எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தபோது நான் ஓட்டிய கார் என் சொல் கேட்காமல் சுழன்றுகொண்டிருந்தது. நோர்வேயில் கார் ஓட்டும் அனுமதி எடுக்கிற எல்லோரும் வழுக்கும் தரையில் ஒரு பயிற்சி செய்ய வேண்டும். சட்டம். பனிக்காலத்தில் தெரு கண்ணாடிபோல ஆகிவிடும் என்பதால், முன்கூட்டியே ஒருமுறை வழுக்கிப் பார் என்று அரசாங்கமே கூப்பிட்டுச் சொல்கிறது. எண்ணெய் பூசித் தண்ணீர் விட்ட ஒரு தளம். நடுவில் பலகையில் வெட்டி நிறுத்திய பெரிய மான். பயிற்றுநர் வேகத்தைச் சொன்னார், பிறகு பிரேக்கை அமத்து என்றார். கார் ஒரு சுற்றுச் சுற்றி, போதாதென்று இன்னொன்றும் சுற்றி, மானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எனக்கு முன்னால் ஓடிய பையன் முகம் வெளிறி இறங்கியிருந்தான். நான் இறங்கவில்லை. இன்னொருமுறை ஓடலாமா என்று கேட்டேன்.

அடுத்த தடவை, பின்சில்லுகள் எந்தப் பக்கம் இழுத்தனவோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கார் சரிந்தபடியே, ஆனால் நான் சொன்ன வழியில், மானைச் சுற்றிப் போனது. பயிற்றுநர் சிரித்தார். இதையே ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்று செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், போய்ப் பார் என்றார். அவர் பகிடிக்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. நான் போனேன்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. முன்னமே வந்துவிட்ட அப்பாவிடம் அம்மாவோடு நோர்வேக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இப்போது பொறியியல் படிப்பின் கடைசி வருடம். இடையில் மூன்று கோடை மண் தடத்தில் கார் ஓட்டினேன். பிறகு இரண்டு கோடைக்கு ஓட்டத் தடை. தடைக்காலத்தில் இன்னொருத்திக்குக் கண்ணாக நின்றேன். அந்தத் தடை இந்த வசந்தத்தோடு முடிகிறது. திரும்ப ஓட்டுவேனா, கூரையில் நின்று சொல்கிறவளாகவே இருந்துவிடுவேனா என்பதுதான் மாதக்கணக்காக என் தலைக்குள் சுற்றிய கேள்வி.

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து சித்தியின் தொலைபேசி இணைப்புக் கிடைத்தது. கிடைப்பதே அபூர்வம்.

"உன்னை ஏன் பிள்ளை தடை செய்தவை? ஆரையும் இடிச்சுப்போட்டியோ?"

"இல்லைச் சித்தி. காரை விக்காததாலை."

லைன் போய்விட்டது. அறுந்ததா, சித்திதான் வைத்துவிட்டாவா தெரியவில்லை. சித்திக்குச் சொல்லி முடிக்காததை உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

2

அமெரிக்காவில் ஸ்டொக் கார் பந்தயம் என்று ஒன்று உண்டு. தெருவில் ஓடுகிற சாதாரணக் காரின் உருவத்தில் செய்த வண்டிகள் நீள்வட்டத் தடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஓடும். நோர்வேயின் பில்க்ரொஸ் அதற்குத் தூரத்து ஏழைச் சொந்தம். தெருவில் ஓடத் தகுதியில்லை என்று கழித்த பழைய காரின் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாயால் ஒரு கூடு வைத்து, கல்லும் மண்ணும் கலந்த தடத்தில் ஓட்ட வேண்டும். மழை பெய்தால் சேறு, வெயில் எறித்தால் புழுதி.

அதிலே ஒரு விதி இருக்கிறது. பந்தயம் முடிந்ததும் ஓடிய எல்லாக் காரும் விற்பனைக்கு. எல்லாக் காருக்கும் ஒரே விலை, அதுவும் விதியிலேயே எழுதியிருக்கும் சின்ன விலை. பந்தயம் ஓட்டும் உரிமம் உள்ளவர்கள் தங்களுக்குப் பிடித்த காருக்கு ஒரு துண்டில் பெயர் எழுதிப் போடலாம். பலர் கேட்டால் குலுக்கி எடுப்பார்கள். பெயர் விழுந்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மாட்டேன் என்ற பேச்சே கிடையாது. வசதியுள்ளவன் காருக்குள் காசைக் கொட்டினால் அடுத்தவன் அதை அற்ப விலைக்குக் கொண்டுபோய்விடுவான் என்பதால் ஒருவரும் கொட்டமாட்டார்கள். சமத்துவத்தை இப்படி நட்டும் போல்ற்றும் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்களே என்று முதலில் வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது. அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் "ஓம், ஓம்" என்றார். அவருடைய காது அப்போது என்ஜினில் இருந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே அவர் பஸ் கழுவுகிற வேலை. யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டினவர். உங்களுக்குத் தெரியும் அந்த ஆமை முதுகுக் கார்கள், ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தவை. போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின கார்கள். சின்னப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். எங்கள் காரின் புகை எந்த ஒழுங்கையால் வருகிறது என்று வீட்டுக்குள் இருந்தே மணத்தில் சொல்லுவேன். அந்தக் காருக்கு எந்தச் சாமானும் கடையில் கிடையாது. எல்லாம் அவரே வெட்டி, ராவி, பூட்டியவை. ஒரு காரைக் கழித்துவிடலாம் என்று நினைக்கவே தெரியாத மனிதர்.

அவரிடம் போய் ஒரு பந்தயக் கார் கட்டித் தாருங்கள் என்று கேட்டால் என்ன செய்வார்? ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் ஒரு கராஜை வாடகைக்குப் பிடித்தார். காருடைப்பவர்களிடம் ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கினார். குளிர்காலம் முழுக்க வேலை முடிந்து, அம்மருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வராமல் நேரே அங்கே ரயிலேறினார். என்ஜினைக் கடைசிப் போல்ற்று வரைக்கும் பிரித்து, ஒவ்வொன்றையும் துடைத்து, தேய்த்து, திரும்பக் கட்டினார். பெல்ட் தோளை வெட்டாமலிருக்க அம்மா மெத்தை தைத்துக் கொடுத்தா. மூன்று தரம் பெயின்ற் அடித்தார்கள்.

தடத்துக்கு வந்த மற்றவர்களின் கார்கள் தூரிகையால் பூசிய பெயின்றும் கம்பியால் கட்டிய பம்பருமாக, வேண்டுமென்றே அரைகுறையாக நின்றன. சோம்பேறிகள் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் இரண்டு கோடையும் எங்கள் காரை யாரும் கேட்கவில்லை. நான் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன், கடைசியில் வந்துகொண்டிருந்தேன், யாருக்கும் காரின் அருமை தெரியவில்லை. மூன்றாவது கோடையின் கடைசிப் பந்தயத்தில் வென்றேன்.

3

வெற்றியைப் பற்றி எழுதத்தான் ஆசை. கடைசி வளைவில் வெளிப்பக்கத்தால் போனேன். எல்லோரும் உள்பக்கத்துக்கு முட்டிமோதினார்கள், வெளியே தளர்ந்த மண்ணில் யாருக்கும் நம்பிக்கையில்லை. எனக்கு வழுக்கல் பழக்கம்.

இறங்கி ஹெல்மெற்றைக் கழற்றும்போதே துண்டுப் பெட்டியடியில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். குலுக்கலில் இங்கரின் பெயர் விழுந்தது. இங்கர் பால் லொறி ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல ஓட்டக்காரி. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்து, சாவிக்காகக் கையை நீட்டினார். வாழ்த்த வந்திருக்கிறார் என்று நினைத்து அப்பா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இங்கரும் குலுக்கிவிட்டுத் திரும்பவும் நீட்டினார்.

"அப்பா, சாவியைக் குடுங்கோ."

"ஏன், அங்காலை எடுத்து விடப்போறாவோ?"

"இல்லை. கார் இப்ப அவவின்ர."

அப்பா சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஆர் வித்தது?"

"ஒருத்தரும் விக்கேல்லை. விதி. நான் சொன்னனான்தானே."

"அப்ப, குடுக்கேல்லை எண்டு சொல்லு."

சத்தம் போடவில்லை. காரை ட்ரெயிலரில் ஏற்றினார், பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினார். பந்தய அதிகாரி வந்து நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், மெதுவாக விளக்கினார், பிறகு இன்னும் மெல்லமாகத் திரும்ப விளக்கினார். அப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு அடுத்த பட்டியைக் கட்டப் போனார். இங்கே பிறந்த என் தம்பி ட்ரெயிலரை இழுக்கும் வானுக்குள் இருந்தான். அவன் கண்ணாடியை இறக்கி அப்பாவைப் பார்த்து நொஸ்க்கில் கேட்டான்: உங்கள் விதியை நீங்கள் ஏன் வாசிப்பதில்லை? அந்த "நீங்கள்" என்பதற்குள் நானும் இருந்தேன். அவன் எந்தப் பக்கம் நின்று கேட்கிறான் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டே சொன்னா. இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் நடந்துபோன அந்தத் தெருவில், ஆரோ வந்து காரைக் கேட்டார்களாம். அலுவல் முடியத் திருப்பித் தருகிறோம் என்றார்களாம். அப்பா சாவியைக் கொடுத்தாராம். நான் அப்போது பத்து வயதுப் பிள்ளை, நடந்தது நினைவிருக்கிறது, கார் எங்கே போனது என்று கேட்டதாக நினைவில்லை.

இதுதான் காரணமோ என்று அப்பாவிடமே கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் என்ன? அது சண்டை. இது விளையாட்டு."

தொலைக்காட்சியின் பக்கம் திரும்பினார். பிறகு, யாரிடமும் கேட்காததுபோல, "விளையாட்டிலையும் குடுக்கோணுமோ?" என்றார்.

4

தடை எனக்கு வந்தது. அப்பாவுக்கு உடனே தோன்றியது, ஆரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்பதுதான். கழகத்தின் நிர்வாகக் கூட்டத்துக்குக் கோட் சூட் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா பொரித்த ரோல்ஸ் ஒரு தட்டு நிறைய என் மடியில். பெரிய மேசையும் கொடியும் இருக்கும் என்று நினைத்தாரோ தெரியாது. தடத்தின் ஓரத்தில் ஒரு மரக் கொட்டில், உள்ளே வாஃபிள் சுட்ட மணம், சேற்றுச் சப்பாத்துகளோடு ஒரு குழாய் வேலைக்காரர், ஒரு பாடசாலைச் சமையற்காரி, வழக்கமாக வாசலில் நுழைவுச்சீட்டு விற்கிற ஓய்வூதியக்காரர். நிர்வாகம் இவ்வளவுதான்.

அப்பா தண்டப்பணம் கட்டுகிறேன் என்றார், கேட்பதைப்போல இரண்டு மடங்கு என்றார். மொழிபெயர்த்தேன். அவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். எதற்குப் பணம் என்று கேட்டார்கள். யாருக்கும் கடன் இல்லையே, கார் கொடுக்கவில்லை, ஆகவே உரிமம் இல்லை, இதிலே பணம் எங்கே வருகிறது?

"ஓடினது பிள்ளை. குடுக்காதது நான். தடையை எனக்குப் போடச் சொல்லு."

குழாய் வேலைக்காரர் இதைக் கேட்டு உண்மையாகவே யோசித்தார். பிறகு மரியாதையாகச் சொன்னார்: உங்களிடம் உரிமம் இல்லை. உங்களிடமிருந்து எடுப்பதற்கு எங்களுக்கு ஒன்றும் இல்லை.

இதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

ரோல்ஸை அவர்கள் மிச்சம் வைக்கவில்லை. சமையற்காரி செய்முறைகூடக் கேட்டா. திரும்பி வரும்போது ரயிலில் அப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "உறைப்பெண்டு சொல்லிச் சொல்லித் திண்டவங்கள். பிறகும் ஏன் தடை?" என்றார். இந்த நாட்டைப் பற்றி அவருக்கு இருந்த கேள்விகள் எல்லாம் அந்த ஒன்றுக்குள் இருந்தன என்று நினைக்கிறேன்.

5

தடை ஓடுவதற்குத்தான், பார்ப்பதற்கில்லை. அடுத்த மே மாதம் தடத்து வேலியில் நின்று, முன்பின் தெரியாத ஓட்டுநர்களுக்கெல்லாம் கத்திக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள். இங்கர். ஓடி ஒளிக்க இடமிருக்கவில்லை.

அந்த நீலக் கார் உள்ளே வெட்டப்போகிறது என்று, அது வெட்டுவதற்கு முதலே கத்துகிறாயே, எப்படி என்று கேட்டார். முன்சில்லைப் பார்த்தால் தெரியும் என்றேன். எனக்கு ஒரு ஸ்பொட்டர் வேண்டும், வருகிறாயா என்றார். கோபம் இல்லையா என்று கேட்டேன். ஒரு கிழமை இருந்தது, பிறகு வேறு கார் வாங்கிவிட்டேன் என்றார். அவ்வளவு சுருக்கமாக ஒரு கோபம் முடியும் என்பது எனக்குப் புதிது.

அந்த வருடம் அவர் பில்க்ரொஸ்ஸை விட்டு, அமெரிக்கப் பாணியில் செய்த ஸ்டொக் கார் ஒன்றில் ஏறியிருந்தார். தகர உடம்பு, பெரிய என்ஜின், வயிற்றுக்குள் இடிக்கிற சத்தம். கழுத்து முறியாமலிருக்க ஹெல்மெற்றைத் தோளில் மாட்டிய காப்போடு பிணைத்திருப்பார்கள். ஓட்டுநருக்குத் தலையைத் திருப்ப முடியாது, பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. அதைச் சொல்பவர்தான் ஸ்பொட்டர். உயரத்தில் நின்று ரேடியோவில், இடப்பக்கம் ஒன்று, பின்கதவடியில், முன்கதவடியில், இன்னும் இருக்கிறது, இருக்கிறது, கிளியர் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கிளியர் என்றால் இங்கர் பார்க்காமலே திருப்புவார். அந்தச் சொல்லை முதல்முறை சொல்லுமுன் இரண்டு தரம் பார்த்தேன்.

நிற்பது ஒரு கப்பல் கொள்கலனின் கூரை. பக்கத்தில் வரிசையாக ஸ்வீடன்காரர்கள், ஆளுக்கொரு கோப்பிக் குடுவை. ஒவ்வொருவரும் தன் ஓட்டுநரிடம் முணுமுணுப்பதைக் கேட்டால் கோயிலில் ஆளாளுக்கு வேண்டுவதுபோல இருக்கும். அவசரத்தில் எனக்கு நொஸ்க் தடக்கும், தமிழ் வந்துவிடும். "பொறு" என்பதை இங்கர் பழகிக்கொண்டார், எங்கள் சொல்லைவிடக் காதில் நன்றாக விழுகிறது என்றார்.

மகள் ரேடியோவில் கதைக்கிறாள் என்று அம்மா ஒரு கலியாண வீட்டில் சொல்லிவிட்டா. அதன்பிறகு ஒஸ்லோத் தமிழர்கள் என்னைக் கண்டால் எந்த நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள். ஒரு மாமி பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லச் சொல்லிப் பேத்தியின் பெயரும் தந்துவிட்டா. நான் அதைத் திருத்தவில்லை. எங்கே தொடங்கித் திருத்துவது?

6

போன இலையுதிர்காலத்தின் கடைசிப் பந்தயம், மழை. முன்னால் இரண்டு கார்கள் விலகி ஒரு வழி திறந்ததைக் கண்டேன். உள்ளே போ, இப்போது போ என்றேன். இங்கர் போகவில்லை. என் வலக்கால் கொள்கலன் தகரத்தை அமத்திக்கொண்டிருந்தது.

முடிந்ததும் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். குரலில் சூடில்லை.

"கார்கள் எங்கே நிற்கின்றன என்று சொல்லத்தான் உன்னைக் கேட்டேன். நீ வழி எங்கே இருக்கிறது என்று சொல்கிறாய்."

"நல்ல வழிதானே?"

"உனக்கு நல்ல வழி."

அடுத்த வருடம் முழுப் பருவமும் ஓடப்போகிறாராம், ஸ்வீடன், பின்லாந்து எல்லாம். நான் வரலாம், ஆனால் கூரையில் நிற்பவள் மனதுக்குள் ஓட்டக்கூடாது. இரண்டில் ஒன்றைக் குளிர்காலம் முடிய முதல் சொல்லு என்றார்.

நான் சொல்லவில்லை. கூரையில் நிற்பது எனக்குப் பிடிக்கும், பொய்யில்லை. அங்கே ஒருவர் என் சொல்லை அப்படியே நம்புகிறார், வேறெங்கும் அப்படி நடப்பதில்லை. ஓட்டுவதென்றால் அப்பாவின் கார்தான், அப்பாவின் கார் என்றால் அந்த விதிதான். இப்படியே பனி கொட்டி முடிந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "அந்தப் பால் லொறிப் பிள்ளையைக் கூப்பிடு. காரைக் குடுப்பம்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டா. ஏன் இப்போது என்று கேட்டேன். "ஓடாமல் பூட்டி வைச்சால் அது என்ன கார்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ச் செய்தி ஏதாவது வந்ததா, என்னைப் பார்த்துப் பாவப்பட்டாரா, கராஜ் வாடகை அலுத்துவிட்டதா, தெரியாது.

அப்பா காரைக் கழுவி, மெழுகு தேய்த்து, சில்லுகளுக்குக் கறுப்புப் பூசி வைத்திருந்தார். இங்கர் லில்லெஸ்ட்ரோமுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார், உள்ளே ஏறி இருந்தார், மெத்தையைத் தடவிப் பார்த்தார். பிறகு இறங்கி, மிக்க நன்றி, ஆனால் எனக்கு இது தேவையில்லை, நான் இப்போது இந்தப் பிரிவில் ஓடுவதில்லையே என்றார்.

"என்னவாம்?"

"தேவையில்லையாம்."

"பழுதெண்டு நினைக்கிறாவோ?"

பதிலுக்குக் காத்திராமல் அப்பா என்ஜினை ஸ்டார்ட் பண்ணினார். இங்கர் பொனற்றில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். இந்தப் பிரிவில் இதைவிட நல்ல என்ஜினைக் கண்டதில்லை, இவ்வளவு நன்றாகக் கட்டுவது முட்டாள்தனம், அதையும் சொல் என்றார். அதையும் சொன்னேன்.

"பின்னை, கூடாமல் கட்டச் சொல்லுறாவோ?"

இங்கர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என்ஜினை நிறுத்தி, சாவியை உருவி என்னிடம் நீட்டினார்.

"அப்ப நீ ஓடு. வெண்டால் கேட்டு வருவினம். வரட்டும்."

"வந்தால் குடுப்பியளோ அப்பா?"

"நானேன் குடுக்கிறது? எனக்கு உரிமம் இல்லையெண்டு சொன்னவங்கள்தானே. உன்ர பேரிலைதான் எல்லாம். நீதான் குடுக்கோணும்."

சாவியோடு நின்றேன். இத்தனை காலமும் அப்பா கொடுப்பாரா மாட்டாரா என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கொடுப்பேனா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கே அந்தக் கேள்வி வரவில்லை. அந்தக் காரின் ஒவ்வொரு போல்ற்றும் என் அப்பாவின் ஒரு மாலைநேரம்.

அங்கேயே இங்கரிடம், நான் கூரைக்கு வரவில்லை என்று சொன்னேன். தெரியும் என்றார். ஒரு பின்லாந்துக்காரரை ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறாராம்.

7

பில்க்ரொஸ்ஸில் ரேடியோ கிடையாது. என் காதுக்குள் யாரும் இருக்கமாட்டார்கள். அது பரவாயில்லை. மெல்ல ஓடினால் துண்டு விழாது, கார் வீட்டுக்கு வரும். நன்றாக ஓடினால் யாரோ ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். இதைப் படுக்கையில் கிடந்து எந்தப் பக்கத்தால் போட்டுப் பார்த்தாலும் விடை வரவில்லை. பொறியியல் படிக்கிறவள், எனக்கே வரவில்லை.

நேற்றுத் தம்பியைக் கராஜுக்குக் கூட்டிப்போய், வாங்குகிற ஆளாக நில் என்று எதிரில் நிறுத்தினேன். சாவியை நீட்டினேன். அவன் வாங்கி, சட்டைப் பையில் போட்டு, நொஸ்க்கில் நன்றி சொல்லிவிட்டு நடந்துவிட்டான். ஸ்டேஷன் வரைக்கும் பின்னால் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. "நீதானே அக்கா குடுத்தனி" என்றான், தமிழில்.

முதல் பந்தயம் மே மாதம். வெல்லத்தான் ஓடப்போகிறேன், வேறுமாதிரி எனக்கு ஓடத் தெரியாது. வென்றபிறகு காரைவிட்டு இறங்கி, பெயர் விழுந்த ஆளைப் பார்த்து, கேட்க முதலே சாவியை நீட்டப் பார்க்க வேண்டும். அதை எந்தக் கராஜிலும் பழக முடியாதுபோல இருக்கிறது.